கோபுரத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒரு கக்கூஸ்

போன மாசம் எங்க மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கினேன். கொத்தனார் வந்தார், மூணு நாள்ல வேலை முடிஞ்சது. கிருஷ்ணன்கோவில்ல யாரும் ஏன்னு கேக்கல.

அந்த வாரமே சம்பந்தி வீட்ல இருந்து போன். கங்கைகொண்ட சோழபுரத்துல கோயில் மதிலுக்குப் பக்கத்துல அவங்க பூர்வீக ஓட்டு வீடு. சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் தேய்ஞ்சுபோச்சு. ராத்திரி கொல்லைக் கடைசி வரைக்கும் நடக்க முடியல. வீட்டோட சேர்த்து ஒரு கக்கூஸ் கட்டலாம்னா கூடாதாம்.

சட்டம் அப்படி. மத்திய அரசு பாதுகாக்கிற சின்னத்தைச் சுத்தி 100 மீட்டருக்குள்ள புதுசா எதுவும் கட்டக்கூடாது. இருக்கிற வீட்டை மேலேயோ பக்கவாட்டிலேயோ நீட்டினாலும் அது புதுக் கட்டுமானம்தான். 2010-ல் கொண்டுவந்த திருத்தப்படி, மீறினால் 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா 1 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். பழுது பார்க்கலாம், ஆனா அதுக்கும் அனுமதி வாங்கணும். மனுவை மேல அனுப்ப 15 நாள், ஆணையம் பரிந்துரை சொல்ல 2 மாசம், அப்புறம் உத்தரவு போட 1 மாசம்னு சட்டத்துலயே கெடு இருக்கு. ஒழுகுற ஓடு அதுவரைக்கும் பொறுக்குமா?

இன்னொரு கூத்து கேளுங்க. அதே சட்டத்துல பொதுக் கழிப்பிடம் கட்டுறது கட்டுமானக் கணக்குல வராது. வந்து போறவங்களுக்குக் கக்கூஸ் உண்டு, அங்கேயே பொறந்து வளர்ந்த கிழவிக்கு இல்லை!

கோபுரத்தோட அருமை எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். ராஜேந்திர சோழன் கட்டின கோயில் பக்கத்துல நாலு மாடி லாட்ஜ் வந்தா நானும்தான் சண்டை போடுவேன். ஆனா லாட்ஜும் கக்கூஸும் ஒண்ணா? ஓட்டுக்கு மேல உயராத, கோயில்ல இருந்து பார்த்தா தெரியாத ஒரு சின்ன அறையால அந்தக் கல்லுக்கு என்ன கேடு?

பட்டணத்துல இருந்து வர்றவங்க அந்த ஓட்டு வீட்டையும் சேர்த்துப் போட்டோ எடுத்து, "கிராமம் மாறாம இருக்கு, எவ்ளோ அழகு"ங்கறீங்க. அது மாறாம இருக்குறதுக்கு விலை கொடுக்குறது உள்ள இருக்குறவங்க.

2004-ல் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த கோயில் அது. உலகத்துக்கே சொத்துன்னா பாரத்தையும் உலகம் கொஞ்சம் சுமக்கட்டும். உயரத்துக்குத் தடை போடுங்க, சரி. வீட்டுக்குள்ள வாழத் தேவையான சின்ன வேலைக்கு அனுமதி கொடுங்க. கெடுவுக்குள்ள பதில் வரலேன்னா சம்மதம்னு எழுதி வைங்க. பழைய ஓடு மாத்தணும்னா அதுக்குப் பணமும் கொடுங்க.

சாமி இருக்குற வீட்டைக் காப்பாத்துங்க. பக்கத்துல மனுஷங்க இருக்குறதும் வீடுதான்.