யாருக்கு எழுத்தறிவு இல்லை?

வில்லியனூரோ பாகூரோ, சேரியில் வயித்தால போனால் ஒரே பேச்சு: 'படிக்காத சனம், சுத்தம் தெரியல.' எம்.ஏ. தமிழ் படித்த என்னிடமே சொன்னார்கள்.

நான் கேட்கிறேன். 1884இல் கல்கத்தாக் குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டுகாட்டினார் ராபர்ட் கோக். 43 ஆண்டு கழித்து, 1927 மார்ச் 20இல், மராட்டியத்து மகாடில் அம்பேத்கரும் தலித் மக்களும் சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்தார்கள். தீட்டுக் கழிக்க அந்தக் குடிதண்ணீரில் சாதி இந்துக்கள் கலந்தது எதை? மாட்டுச் சாணியை, மூத்திரத்தை! கூட நின்று மந்திரம் ஓதியவர்கள் கைநாட்டா?

படித்த தாய் பிள்ளையைக் காப்பாள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்க அம்மாவுக்குக் கை கழுவத் தெரியும். கழுவத் தண்ணி வேணும். ஊர்த்தெருவில் கொட்டுகிற குழாய் எங்க சேரியில் சொட்டுகிறதே, அது யார் படிக்காததால்?

முதலில் குழாயைத் திறங்கள். அப்புறம் பாடம் நடத்தலாம்.