வெயில் அல்ல, பாதை: தோட்டத்து ஏற்றத்தில் சூடாகும் எஞ்சின்

கடந்த ஏப்ரலில் இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குப் போயிருந்தேன். 1981 ஓகஸ்ட் வன்செயலின்போது எங்கள் குடும்பத்தில் பாதிப்பேர் அங்கிருந்து வவுனியாவுக்கு வந்தோம். மீதிப்பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். பெரியப்பா மகன் தன் பழைய மோட்டார் சைக்கிளில் என்னையும் ஒரு அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு லயத்துக்குப் புறப்பட்டார். பாதி ஏற்றத்தில் எஞ்சின் இழுக்க மறுத்தது. கருகிய ஒயில் வாடை.

"வெயிலு தம்பி, இஞ்சின் சூடாகிருச்சு" என்றார்.

வெயில்தான் காரணமா?

மார்ச், ஏப்ரலில் வளிமண்டலவியல் திணைக்களம் சப்ரகமுவவுக்கும் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடுப்பது வழக்கமாகிவிட்டது. வெப்பநிலையையும் ஈரப்பதனையும் சேர்த்து, மனித உடல் உணரும் சூட்டைச் சொல்வது அந்தச் சுட்டெண். ஈரக்காற்றில் வியர்வை உலராது. கொழுந்து எடுப்பவருக்கும் இறப்பர் பால் வெட்டுபவருக்கும் அது உயிர் பற்றிய விடயம்.

எஞ்சினுக்கு வியர்ப்பதில்லை. சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோகச் செதில்கள் 100 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறக்கூடியவை. அவற்றைத் தொட்டுப்போகும் காற்று 28 பாகையா, 34 பாகையா என்பது சிறிய வேறுபாடுதான். காற்று போதுமான வேகத்தில் போகிறதா என்பதே பெரிய கேள்வி. குண்டும் குழியுமான ஏற்றத்தில், முதலாம் கியரில், நடை வேகத்தில் இரண்டு பேரையும் மூட்டையையும் இழுக்கும்போது எஞ்சின் தன் முழு வலுவையும் கொடுக்கிறது. அதைக் குளிர்விக்கும் காற்றோ இல்லை.

விலைகூடிய சைக்கிள்களில் சூட்டைக் காட்டும் மீட்டர் உண்டு. அது அளப்பது குளிரூட்டும் திரவத்தின் சூட்டை. வழமையாக 80 முதல் 100 பாகை வரை நிற்கும். திரவம் ஒழுகித் தீர்ந்துவிட்டால் அதையும் நம்ப முடியாது. காற்றால் குளிரும் சின்ன சைக்கிள்களில் பொதுவாக அந்த மீட்டரே இல்லை. ஓட்டுபவரின் காதும் மூக்கும்தான் மீட்டர்: இழுவை குறைவது, ஏற்றத்தில் எஞ்சின் தட்டுவது, ஒயில் வாடை.

வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எஞ்சின் தட்டும், கொதிக்கும். சத்தத்தைக் கேட்டே அதைக் காப்பாற்றக் கற்றோம்.

அன்று அண்ணன் தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். தடுத்தேன். சூடான உலோகத்தில் குளிர்ந்த நீர் பட்டால் வெடிப்பு விழக்கூடும். நிழலில் நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்டோம். பிறகு ஒயிலைப் பார்த்தோம், குறைந்திருந்தது. செதில்களுக்கிடையே சேறு காய்ந்து இறுகியிருந்தது. குச்சியால் சுரண்டி எடுத்தோம். கடைக்குத் திரும்பி ஒயில் விட்டபின், மூட்டையை முதலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, என்னை இரண்டாவது முறை ஏற்றினார்.

கவனமாக ஓட்டுவது இவ்வளவுதான் உதவும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி மீண்டும் திறக்க ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் சென்றன. பழைய எஞ்சின்களையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. பிஸ்டன் பிடித்துக்கொண்டால் பல நாள் சம்பளம் கராஜுக்குப் போகும்.

பாதைக்கு யார் பொறுப்பு? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணம் செலவிடத் தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல்தான். முப்பது ஆண்டுகள் அந்த மக்கள் வாக்களித்த சபையால் அவர்களின் பாதைக்கு ஒரு லோட் கல் கொட்ட முடியவில்லை. இன்று சட்டம் தடையில்லை. ஆனால் அண்ணனின் ஏற்றம் இன்னும் அப்படியே கிடக்கிறது.

பிரசவ வலி வந்தவரும் இதே ஏற்றத்தில்தான் இறங்க வேண்டும், ஏற வேண்டும். சபைக்கு வாக்குக் கேட்டு வருபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பாதைக்கு எப்போது கல் வரும்? வெயிலைக் காரணம் காட்டும்வரை அந்தக் கேள்வியை யாரும் கேட்கப்போவதில்லை.