இரண்டாம் கோடு சொல்வதும் சொல்லாததும்

திருமணமான சில மாதங்களிலேயே நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது: “ஏதாவது விசேஷம் உண்டா?” இக்கேள்விக்கு விடை தேடித்தான் பல பெண்கள் நாள் தள்ளிப்போவதற்கு முன்பே மருந்துக்கடையில் கர்ப்பப் பரிசோதனைக் கருவியை வாங்குகின்றனர். ஒற்றைக் கோட்டைக் கண்டு அழுதுவிட்டு, அடுத்த வாரம் இரண்டு கோடுகளுடன் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோர் பலர். அக்கருவி பிழையாகக் காட்டிவிட்டது என்பது அவர்களுடைய குறை. பெரும்பாலும் பிழை கருவியில் இல்லை, கேட்ட நாளில்தான் இருக்கிறது என்பதே எங்கள் கருத்து.

கருவி தேடுவது எச்சிஜி என்னும் ஹார்மோனை. கருத்தரித்த உடனே அது சுரப்பதில்லை. கரு கருக்குழாய் வழியே பயணம் செய்து கருப்பையின் உட்சுவரில் பதிய வேண்டும். சினைமுட்டை வெளியேறிய பின் பெரும்பாலும் 8 முதல் 10 நாட்களில் இது நிகழ்கிறது; சிலருக்கு இன்னும் தாமதமாகும். பதிந்த பிறகே ஹார்மோன் தோன்றி, ஏறத்தாழ 2 அல்லது 3 நாட்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. எனவே திங்கட்கிழமை ஒரு கோடும் வெள்ளிக்கிழமை இரண்டு கோடுகளும் தெரிந்தால், இரண்டு விடைகளுமே அந்தந்த நாளுக்கு உண்மையாக இருக்கலாம்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் “99 சதவீதம் துல்லியம்” என்ற சொல்லைப் பலரும் எங்களிடம் காட்டுகின்றனர். சிறுநீரில் போதிய அளவு ஹார்மோன் இருந்து, முறைப்படி சோதித்தால் அந்த எண்ணை நம்பலாம். இல்லாத ஹார்மோனை எந்தக் கருவியாலும் காட்ட இயலாது. அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. மாதவிடாய் வரவேண்டிய முதல் நாளில், கர்ப்பமுற்ற பெண்களில் சுமார் 10 சதவீதத்தினருக்குக் கரு இன்னும் பதிந்திருக்கவே இல்லை. ஆகவே, நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் பொறுத்துச் சோதிப்பதே நலம் என்கிறோம். மாதவிடாய் ஒழுங்காக வராதவர்களும் சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களும், கடைசியாக உறவு கொண்ட நாளிலிருந்து 3 வாரங்களைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

செய்முறையிலும் கவனம் வேண்டும். காலையில் கழிக்கும் முதல் சிறுநீரே தொடக்க நாட்களில் ஏற்றது. நிறையத் தண்ணீர் குடித்த பின் சோதித்தால் ஹார்மோன் நீர்த்துப்போயிருக்கும். உறையில் குறித்துள்ள நிமிடங்களுக்குள் விடையைப் பார்த்துவிட வேண்டும். குப்பையில் போட்ட கருவியை மாலையில் எடுத்துப் பார்த்தால் தெரியும் சாம்பல் நிறக் கோடு, ஈரம் உலர்ந்த தடமாக இருக்கலாம். “சி” என்ற இடத்தில் கோடு விழவில்லையெனில் அச்சோதனையே செல்லாது. குறித்த நேரத்துக்குள் “டி” என்ற இடத்தில் நிறத்துடன் தோன்றும் கோடு மங்கலாக இருப்பினும் கர்ப்பத்தையே குறிக்கும். 2 நாட்கள் கழித்து மீண்டும் சோதித்து உறுதி செய்துகொள்ளலாம். குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் எச்சிஜி ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஏறத்தாழ 2 வாரங்கள் வரை அந்த ஊசியே இரண்டாம் கோட்டைக் காட்டக்கூடும். அவர்கள் மருத்துவர் குறித்த நாள்வரை பொறுத்திருப்பதே நல்லது.

இவை அனைத்தையும்விட நாங்கள் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. இரண்டாம் கோடு கர்ப்பம் உண்டு என்று மட்டுமே சொல்லும். அது எங்கே இருக்கிறது என்று சொல்லாது. நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், தங்கிவிடுகின்றன. குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் பெருகும் இரத்தம் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கலாம். நாள் தள்ளிப்போயிருக்கும் பெண்ணுக்கு அடிவயிற்றில், குறிப்பாக ஒரு பக்கத்தில், கடும் வலி, இரத்தக்கசிவு, தலைச்சுற்றல், தோள்பட்டை நுனியில் வலி ஆகியவற்றில் எது தோன்றினாலும், கோடு ஒன்றா இரண்டா என்று பார்த்துக்கொண்டிருத்தல் கூடாது. “வாயுப் பிடிப்பு” என்று கஷாயம் கொடுத்துக் காத்திருந்த வீடுகளை நாங்கள் கண்டிருக்கிறோம். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். வர வழியில்லையெனில் 108ஐ அழையுங்கள்.

இதே காரணத்தால், இரண்டு கோடுகளைக் கண்டதும் மருத்துவரைப் பார்க்காமல் கருக்கலைப்பு மாத்திரையை வாங்கி விழுங்குவதையும் வன்மையாக எதிர்க்கிறோம். கருக்குழாயில் இருக்கும் கர்ப்பத்தை அம்மாத்திரை கலைக்காது. பின்னர் வரும் வலியையும் இரத்தப்போக்கையும் மாத்திரையின் விளைவென்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடும் ஆபத்து உண்டு. குழந்தை இப்போது வேண்டாம் என்று கருதும் பெண்ணுக்கு 1971ஆம் ஆண்டின் சட்டமும் அதன் 2021ஆம் ஆண்டுத் திருத்தமும் பாதுகாப்பான வழியைத் தந்துள்ளன. அதைக் கேட்டு வருவோரிடம் நாங்கள் கடிந்துகொள்வதில்லை. அவர்களின் விவரம் வெளியே செல்வதுமில்லை.

குடும்பத்தாருக்கும் ஒரு சொல். முன்கூட்டியே சோதிப்பதால், பதிந்த சில நாட்களிலேயே தானாகக் கலைந்துபோகும் கர்ப்பங்களும் இப்போது தெரியவருகின்றன. முற்காலத்தில் அவை சற்றுத் தாமதமான மாதவிடாயாகவே கழிந்துபோயின. அவற்றில் பெரும்பான்மை கருவின் மரபணுக் குறைகளால் நேர்பவை. மாடிப்படி ஏறியதாலோ, பப்பாளி தின்றதாலோ, வேலைக்குப் போனதாலோ என்று அப்பெண்ணை விசாரணைக் கூண்டில் நிறுத்துவது அறமன்று. கோடு காட்டும் விடை முதலில் அவளுக்கு உரியது; அதை எப்போது, யாரிடம் சொல்வது என்பதையும் அவளே முடிவு செய்யட்டும்.

ஒரு வாரம் பொறுப்பது கடினம் என்பதை நாங்கள் அறிவோம். அந்த வாரத்தை வீணாக்க வேண்டியதுமில்லை. குழந்தையை எதிர்பார்க்கும் பெண் சோதனைக்கு முன்பே மருத்துவர் ஆலோசனையுடன் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளலாம். கருவின் தண்டுவடம் உருவாகும் காலம், பலருக்குக் கர்ப்பம் தெரியவரும் முன்பே தொடங்கிவிடுகிறது. விடை “ஆம்” எனில், கடைசி மாதவிடாய்த் தேதியைக் குறித்துக்கொண்டு வாருங்கள். “இல்லை” என்று காட்டி, ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதும் அவ்வாறே காட்டி, மாதவிடாயும் வரவில்லையெனில், அப்போதும் வாருங்கள். தைராய்டு குறைபாடு முதல் மனஉளைச்சல் வரை அதற்குக் காரணங்கள் பல உண்டு. கோட்டால் சொல்ல இயலாததைக் கண்டறியவே நாங்கள் இருக்கிறோம்.