கூலியின் காசும் நாட்டின் கடனும்

கடல் கடந்து வாழும் இந்தியர் தாய்நாட்டு மக்கள் இயக்கமொன்றுக்குத் துணை நின்றால் அதனை நேற்றுப் பிறந்த புதுமையாகக் கொண்டாடுவது இன்றைய வழக்கம். 2013ஆம் ஆண்டு டில்லிச் சட்டமன்றத் தேர்தலின்போது ஆம் ஆத்மி கட்சிக்காக வெளிநாடுகளில் இருந்த படித்த இளைஞர் பணம் அனுப்பினர். தொலைபேசி வழியே வாக்குக் கேட்டனர். சிலர் விடுப்பெடுத்து விமானமேறி வந்து தெருத்தெருவாக நடந்தனர். அவர்கள் செய்ததில் குற்றமில்லை. ஆனால் அயலகத் தொண்டன் என்றதும் கணிப்பொறி வல்லுநனும் கைநிறையச் சம்பாதிக்கும் வணிகனும் மட்டுமே நம் கண்முன் வந்து நிற்கிறார்களே, அது ஏன்? முதுகில் கொழுந்துக்கூடை சுமந்தவளும் பால்மரம் சீவியவனும் அந்த வரிசையில் எங்கே போனார்கள்?

வரலாறு அவர்களைத்தான் முதலில் நிறுத்துகிறது. 1913இல் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளின் போராட்டத்தை உண்மையான மக்கள் போராட்டமாக்கியவர், நேத்தாலின் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் செய்த ஒப்பந்தக் கூலிகள். சிறையில் நோயுற்று, விடுதலை பெற்றபின் 1914 பெப்ரவரியில் இறந்த வள்ளியம்மை ஒரு பதினாறு வயதுப் பெண். அதே 1913இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் மர ஆலைகளிலும் வயல்களிலும் உழைத்த பஞ்சாபியர் கெதர் கட்சியைத் தொடங்கினர். மறு ஆண்டு உலகப்போர் மூண்டதும் வேலையை விட்டெறிந்து ஆயிரக்கணக்கில் தாயகம் திரும்பினர். கர்த்தார் சிங் சராபா 1915 நவம்பரில் தூக்கிலேறியபோது வயது பத்தொன்பது. 1943இல் சிங்கப்பூரில் சுபாஸ் சந்திர போஸ் அமைத்த ஜான்சிராணிப் படையில் சேர்ந்த பெண்களுள் பெரும்பாலோர் மலாயா இரப்பர்த் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். ஜப்பானியரோடு கூட்டுச் சேர்ந்தது சரியா என்பது வேறு வழக்கு. அந்தப் பெண்களின் தியாகத்தை அந்த வழக்கு குறைத்துவிடாது.

இந்த வரிசையில் நமது மலையகத்துக்கும் இடமுண்டு. 1927 நவம்பரில் காந்தியடிகள் கதர் நிதி திரட்ட இலங்கைக்கு வந்தார். கொழும்புச் செல்வர் மட்டுமா கொடுத்தனர்? கண்டியிலும் பதுளையிலும் அவரைக் காணக் கூடிய தோட்டத் தொழிலாளரும் கொடுத்தனர். நாட்கூலி அரை ரூபாயைச் சுற்றியே நின்ற காலம் அது. பத்தடி லயன் அறையில் ஒரு குடும்பம் அடைந்து கிடந்த காலம். துரையின் சொல்லே சட்டமாக இருந்த காலம். இலங்கையில் அவர்களுக்கு வாக்கில்லை, இந்தியாவிலும் இல்லை. பிரதியாக எதையும் எதிர்பார்க்கக்கூட வழியில்லாத மக்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்த காசு அது. அதைவிடத் தூய அரசியல் தொண்டு எதுவென்று எவரேனும் கூறட்டும்!

இனி அந்தக் காசின் கதையைப் பார்ப்போம். இலங்கையில் அதுவே குற்றச்சாட்டாக மாறியது. “இவன் கண் இந்தியாவை நோக்குகிறது, ஆகவே இவன் அந்நியன்” என்றார்கள். நண்பர்களே, இந்த நியாயத்தைச் சற்று உரைத்துப் பாருங்கள். அதே மலைகளில், அதே கொழுந்தில் கிடைத்த இலாபத்தை ஆங்கிலக் கம்பெனிகள் ஆண்டாண்டுதோறும் இலண்டனுக்கு அள்ளிச் சென்றன. 1975இல் அரசு தோட்டங்களைக் கையேற்கும்வரை அந்தக் கணக்கு நிற்கவில்லை. மூட்டை மூட்டையாகப் பொன்னை அனுப்பியவன் மரியாதைக்குரிய துரை. ஒரு சதத்தைக் கதருக்குக் கொடுத்தவன் துரோகி! இதைத் தேசப்பற்று என்பதா, வர்க்கப்பற்று என்பதா?

அந்நியன் என்று சொன்னவர்களின் அச்சம் வேறு. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியான கோவிந்தன் இந்தியக் கொடிக்காகச் சாகவில்லை. இந்த மண்ணில் கூலி உயர்வுக்கும் சங்க உரிமைக்குமாக எழுந்த போராட்டத்தில் செத்தான். 1947 தேர்தலில் தோட்ட மக்கள் சி.வி. வேலுப்பிள்ளை முதலிய தம்மவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். தம்மவர் நிற்காத பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கு வாக்களித்தனர். அவர்கள் இந்தியாவைப் பார்த்தது அல்ல, இலங்கையில் நிமிர்ந்து நின்றதே ஆள்வோர் கண்ணை உறுத்தியது. 1948இன் குடியுரிமைச் சட்டம் நாட்டைப் பறித்தது. 1949இன் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்கைப் பறித்தது.

சுதந்திர இந்தியாவோ? நேருவின் வருகையை ஒட்டி 1939 சூலையில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. பெயரிலேயே இந்தியாவை ஏந்தி நின்ற அம்மக்களை, அவர்கள் காசு கொடுத்து வளர்த்த அதே தேசம் 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியும் 1974இல் சரிபாதியாக வெட்டப்பட்டது. ஆட்டுச் சந்தையில்கூட ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். இங்கே எவரும் எவர் வாயையும் திறக்கச் சொல்லிக் கேட்கவில்லை. தலைமன்னாருக்குப் புறப்பட்ட இரயிலுக்கு மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்று பெயரிட்டனர். ஒப்பந்தத்தின் முழுப் பொருளும் அந்த இரண்டு சொற்களில் இருக்கிறது.

இடதுசாரிகளாகிய நாமும் தப்பிவிட முடியாது. 1948இல் சட்டத்தை எதிர்த்து முழங்கிய லங்கா சமசமாஜக் கட்சி, ஒப்பந்தம் கையெழுத்தானபோது அரசாங்கத்தில் அமர்ந்திருந்தது. நமது ஏடுகள் வியட்நாமுக்கும் கியூபாவுக்கும் கண்ணீர் வடித்தது நியாயம். அத்தனை அருகில் ஓடிய கோச்சியின் ஒலி ஏன் நமக்குத் தாமதமாகக் கேட்டது?

“பழங்கதை, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்றோர் பிரச்சினை முடிந்தது” என்று கூறுவோர் உளர். முடியவில்லை. தமிழகத்து முகாம்களில் வாழும் இலங்கை அகதிகளுள் மலையக வம்சாவளியினரும் பலர். 2019இல் இந்தியா திருத்திய குடியுரிமைச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. அதே அரசு, காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து 1915இல் தாயகம் திரும்பிய சனவரி 9ஆம் நாளைத் தேர்ந்தெடுத்துக் கடல்கடந்த இந்தியர்க்கு விழா எடுக்கிறது! காந்தியை உருவாக்கிய கூலியின் பேரனுக்குச் சீட்டில்லை; காந்தி திரும்பிய நாளுக்கு மேடை உண்டு. 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீடு வேண்டாமென்று எந்த லயத்துத் தாயும் சொல்லமாட்டாள். ஆனால் பட்ட கடனைத் தானம் என்று பெயர் மாற்றிக் கொடுப்பது முறையாகாது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம், தொண்டு வீண் என்பதன்று. தூரத்திலிருந்து வரும் துணை எந்த இயக்கத்துக்கும் வேண்டும். ஆனால் துணையைப் பெற்ற இயக்கம் வென்றபின் துணை நின்றவனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. துணை நிற்பவனும் களத்தில் நிற்பவனின் சொல்லைக் கேட்கக் கடமைப்பட்டவன். அவனுக்காகப் பேசுவதாகக் கூறி அவனுடைய வாயை மூடக்கூடாது. இன்று மலையகத்துக்கும் கடல்கடந்த பிள்ளைகள் உண்டு. நீலகிரியில் இருக்கிறார்கள், வளைகுடாவில் பிறர் வீட்டு அடுப்படிகளில் இருக்கிறார்கள். 2018 ஒக்டோபரில் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காகக் கொழும்புக் காலிமுகத்திடலில் கறுப்புடை அணிந்து திரண்டார்களே, அந்த இளைஞரும் இம்மலையின் பிள்ளைகளே. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை முன்னோரின் தடத்தில் நடந்தவர்களோடு பிற இனத்தாரும் சேர்ந்து நடந்தனர். இவர்களே இன்றைய தொண்டர். இவர்கள் கேட்பது பழைய காசுக்கு வட்டியன்று. நின்ற மண்ணில் காணியும், அதற்கு உறுதியும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! சுதந்திரப் போராட்டப் பாடம் நடத்தும் நாளில், தலைவர்களின் பெயர்களுக்குக் கீழே பெயரில்லாத அந்தக் கொழுந்துக்காரியையும் ஒரு வரி எழுதுங்கள். அவள் கொடுத்ததற்கு எவரும் இரசீது எழுதித் தரவில்லை. அதை எழுத வேண்டிய கை இப்போது நம்முடையது.