மாஸ்டர் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

போன ஆடி மாதம் ஒரு விடியற்காலையில் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. நான் வெளியே நின்று தட்டத் தட்ட, "எழுந்திருக்க முடியலைங்க" என்று குரல் மட்டும் வந்தது. தோளால் இடித்துக் கதவைத் திறக்கும் வயதை நான் தாண்டிப் பல வருடமாகிறது. பக்கத்து வீட்டுத் தம்பி கடப்பாரையோடு ஓடிவந்து நெம்பித் திறக்க இருபது நிமிடம் பிடித்தது. நல்லவேளை, மணிக்கட்டு எலும்பு முறிவோடு போயிற்று. அந்த இருபது நிமிடத்தை நான் மறக்கப் போவதில்லை.

செய்தி கேட்டு விழுப்புரத்திலிருந்து மகள் வந்தாள். "எல்லா ரூமுக்கும் மாஸ்டர் கீ போட்டுடுங்கப்பா. அது என்கிட்ட இருக்கட்டும்" என்றாள். திண்டிவனத்தில் தெரிந்த ஹார்டுவேர் கடையில் விசாரித்தேன். "சாவிக்கொத்தே வேணாம் சார், ஒரே சாவியில வீடு முழுக்கத் திறக்கலாம்" என்றார் கடைக்காரர். போட்டுவிட்டேன். என் வயதுக்காரர்கள் எல்லோரும் போட வேண்டும் என்றும் சொல்வேன். ஆனால் கடைக்காரர் சொன்ன காரணத்துக்காக அல்ல. மகள் கேட்ட மாதிரியும் அல்ல.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் மாஸ்டர் சாவிக்கு 'பாஸ்பார்த்து' என்று பெயர். எங்கும் நுழைவது என்று பொருள். வகுப்பில் நாங்கள் அதைத் தமிழாகவே எடுத்துக்கொண்டு, பாஸ் பார்த்து உள்ளே விடுகிறவன் போலிருக்கிறது என்று சிரித்திருக்கிறோம். எண்பது நாளில் உலகைச் சுற்றும் ஜூல் வெர்ன் நாவலில் வருகிற வேலைக்காரனுக்கும் இதுதான் பெயர். உலகமெல்லாம் நுழைந்து வரும் அந்த ஆசாமி, லண்டனில் தன் அறையின் கேஸ் விளக்கை அணைக்காமலே கிளம்பிவிடுவான். அது எரிந்துகொண்டே இருக்கும். செலவு அவன் தலையில் விழும். எங்கும் நுழையும் சாவிக்கும் அப்படி ஒரு செலவு உண்டு.

அதைப் புரிந்துகொள்ளப் பூட்டின் உள்ளே கொஞ்சம் பார்க்க வேண்டும். இன்று கதவுகளில் வரும் சிலிண்டர் பூட்டு, அமெரிக்காவின் லைனஸ் யேல் என்பவர் 1860-களில் செம்மைப்படுத்தியது. உள்ளே வரிசையாக ஐந்தாறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சின்ன ஊசிகள், அவற்றின் மேல் ஒரு ஸ்பிரிங். சரியான சாவியைப் போட்டால் இரண்டு ஊசியும் சந்திக்கும் இடம் எல்லாக் குழிகளிலும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். அப்போதுதான் பூட்டு திரும்பும். மாஸ்டர் சாவி வேண்டுமென்றால், இரண்டு ஊசிக்கும் நடுவே ஒரு மெல்லிய துண்டைச் சேர்க்கிறார்கள். சந்திக்கும் இடம் இரண்டாகிவிடுகிறது. ஒன்றில் அந்த அறையின் சாவி வேலை செய்யும், மற்றொன்றில் மாஸ்டர் சாவி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து குழியிலும் துண்டு போட்டால், குழிக்கு இரண்டு வழி. இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32. திறக்க வேண்டியவை இரண்டே சாவிகள். ஆனால் 32 விதமாக வெட்டிய சாவிகளுக்கு அந்தப் பூட்டு வழிவிடும். வசதி கூடக்கூடப் பாதுகாப்பு குறைகிறது. 2003-இல் மாட் பிளேஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரே ஓர் அறையின் பூட்டும் சாவியும் கைவசம் இருந்து, வெட்டாத சாவிகள் சிலவும் ஓர் அரமும் கிடைத்தால், கட்டடம் முழுவதற்குமான மாஸ்டர் சாவியைச் செய்துவிடலாம் என்று காட்டினார்.

நம் வீட்டுக்கு அவ்வளவு பெரிய கெட்டிக்காரத் திருடன் வரப்போவதில்லை. நம் ஆபத்து சாதாரணமானது: மாஸ்டர் சாவியை பஸ்ஸில் தொலைத்துவிட்டால் அத்தனை பூட்டையும் மாற்ற வேண்டும். அதனால்தான் வாசற்கதவையும் பின்கதவையும் இந்த ஏற்பாட்டில் நான் சேர்க்கவில்லை. அவற்றுக்குத் தனித்தனிச் சாவி. படுக்கையறை இரண்டு, குளியலறை ஒன்று, இந்த மூன்றுக்கு மட்டும்தான் மாஸ்டர் சாவி. அது பூஜை அறைக்கு வெளியே ஆணியில், எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்குகிறது. வெளிக்கதவைத் தாண்டி வந்தவருக்குத்தான் அதனால் பயன்.

சாவி விஷயத்தில் எனக்குப் பாடம் சொன்னது அரசாங்க உத்தியோகம். கருவூலத்தின் காப்பறைக்கு இரட்டைப் பூட்டு. இரண்டு சாவியும் ஒருவரிடம் இருக்கக் கூடாது. இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். சாவி கைமாறினால் எழுத்தில் கையெழுத்து. இதெல்லாம் வெட்டி வேலை என்று இளவயதில் நினைத்ததுண்டு. பூரி ஜெகந்நாதர் கோயிலைப் பாருங்கள். 2018 ஏப்ரலில் ரத்ன பண்டாரத்தைச் சோதிக்கப் போனபோது உள்ளறையின் சாவியைக் காணோம். 2024 ஜூலையில் பூட்டை உடைத்துத்தான் திறக்க முடிந்தது. பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்து என்ன? சாவி எங்கே, யார் பொறுப்பு என்று தெரியாவிட்டால் அது வெறும் இரும்பு.

இனி மகள் கேட்ட விஷயம். அவளிடம் சாவி இருக்கலாம். அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். போன் பண்ணி அவள் கிளம்பி வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடப்பாரைக்கே இருபது நிமிடம்தானே? விழுந்து கிடப்பவருக்குத் தேவை உரிமை உள்ளவர் அல்ல, ஐந்து நிமிடத்தில் வரக்கூடியவர். ஆகவே பின்கதவின் சாவியைப் பக்கத்து வீட்டுத் தம்பியின் அம்மாவிடம் கொடுத்தோம். "பெத்த பொண்ணை விட்டுட்டு அக்கம்பக்கத்துலயா குடுப்பீங்க?" என்று மகள் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். இரண்டு நாள் பேசவில்லை. பிறகு மாற்றுச் சாவிகளை ஓர் உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்திட்டு அவளிடம் தந்தேன். "ஆபீஸ் புத்தி போகலைப்பா உங்களுக்கு" என்று வாங்கிக்கொண்டாள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு விஷயம் பாக்கி. உள்பக்கத் தாழ்ப்பாள் இருக்கிறவரை எந்த மாஸ்டர் சாவிக்கும் மரியாதை கிடையாது. வெளியே நின்று சாவியைத் திருப்பலாம். பூட்டு திறக்கும், கதவு திறக்காது. பூட்டு மாட்ட வந்த ஆசாரியிடம் முதலில் குளியலறை, படுக்கையறைத் தாழ்ப்பாள்களைக் கழற்றச் சொன்னேன். இப்போது அங்கே குமிழ்ப் பூட்டு. உள்ளே பொத்தானை அமுக்கினால் பூட்டிக்கொள்ளும், வெளியே சாவி போட்டால் திறக்கும். சில வகைப் பூட்டுகளில் உள்பக்கம் சாவியைச் செருகி விட்டுவிட்டாலும் வெளியிலிருந்து திறக்க முடியாது. வாங்கும்போதே கடையில் சோதித்துப் பாருங்கள்.

வாசற்கதவுத் தாழ்ப்பாளை மட்டும் கழற்ற என் மனைவி விடவில்லை. ஐம்பது வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தூங்குகிறாள். அவள் தூக்கத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை. பின்கதவில் தாழ்ப்பாள் கூடாது, பூட்டு மட்டும்தான் என்று சமாதானம் ஆயிற்று. பக்கத்து வீட்டுக்குப் பின்கதவுச் சாவி போனதற்கு அதுதான் காரணம்.

இன்று இரவு படுக்கப் போகுமுன் உங்கள் வீட்டில் எத்தனை தாழ்ப்பாள் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு, நீங்கள் உள்ளே விழுந்தால் ஐந்து நிமிடத்தில் வரக்கூடியவர் யார் என்று யோசியுங்கள். சாவி அவரிடம் இருக்கட்டும்.