கட்டடத்துக்குத் தியரி பரீட்சை மட்டும் போதுமா?

பொறியியல் கல்லூரி லேபில் வருடா வருடம் தவறாமல் நடக்கும் காட்சி ஒன்று உண்டு. தியரி தாளில் 95 வாங்கியவர், ரெஸிஸ்டரை எந்தப் பக்கம் திருப்பி மாட்டுவது என்று பக்கத்து மேஜையை எட்டிப் பார்ப்பார். (ரெஸிஸ்டருக்குப் பக்கம் ஏது!) அவர் வாங்கிய மார்க் பொய் இல்லை, படித்ததும் பொய் இல்லை. தாளில் கேட்ட கேள்விகள் வேறு, வேலைக்குத் தேவையான கேள்விகள் வேறு, அவ்வளவுதான்.

உலகம் முழுக்க "ஸ்மார்ட்" என்று பட்டம் வாங்கிக்கொண்டிருக்கும் அலுவலகக் கட்டடங்களின் கதையும் ஏறக்குறைய இதேதான். பட்டம் கொடுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள், மார்க் ஷீட்டும் வந்துவிட்டது. பிராக்டிகல் பரீட்சை மட்டும் இன்னும் வரவில்லை.

ஸ்மார்ட் கட்டடம் என்றால் என்ன? ஏ.சி., விளக்கு, லிஃப்ட், கதவு, தீ அலாரம், கேமரா என்று தனித்தனியே கிடந்த சமாச்சாரங்களை நெட்வொர்க்கில் கோத்துவிடுவார்கள். அறையில் ஆள் இருக்கிறார்களா, வெளியே வெளிச்சம் எவ்வளவு, காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு எவ்வளவு என்று சென்சார்கள் சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்கேற்பக் கட்டடம் தானாகவே நடந்துகொள்ளும். சுருக்கமாக, மூளையும் நரம்பும் வைத்த கட்டடம்.

இதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் "தி எட்ஜ்". டெலாய்ட் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டு 2015 வாக்கில் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் அடிபட்ட கட்டடம். சுமார் 28,000 சென்சார்கள். 2,500 பேருக்கு ஏறக்குறைய 1,000 மேஜைகள்தான். காலையில் வந்ததும் எங்கே உட்காரலாம் என்று கைபேசி செயலி சொல்லும். விளக்குகளுக்கு மின்சாரமும் தகவலும் ஒரே நெட்வொர்க் கேபிளில் போகின்றன. பிரிட்டனின் "பிரீம்" என்ற பசுமைத் தரச்சான்றில் இந்தக் கட்டடம் 98.36 சதவீதம் வாங்கியது. அந்த நேரத்தில் அதுதான் சாதனை. 2017-இல் லண்டனில் திறக்கப்பட்ட ப்ளூம்பெர்க் தலைமையகம் 98.5 வாங்கி அதைத் தாண்டியது. பிளஸ் டூ ரிசல்ட் போல இங்கேயும் புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணுக்கும் போட்டிதான்!

பிரீம் 1990-இல் வந்தது. அமெரிக்காவின் "லீட்" 2000-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. இவை இரண்டும் பசுமைக்கான சான்றுகள். டிஜிட்டல் பக்கம் மார்க் போடுவது அதற்குப் பிறகு ஆரம்பித்தது. 2013-இல் நியூயார்க்கில் தொடங்கிய "வயர்டுஸ்கோர்" முதலில் கட்டடத்தின் இணைய வசதிக்கு மதிப்பெண் போட்டது. அதே நிறுவனம் 2021-இல் "ஸ்மார்ட்ஸ்கோர்" என்று இன்னொன்றை இறக்கியது. 2020-இல் யு.எல். நிறுவனமும் அமெரிக்கத் தொலைத்தொடர்புத் தொழில் சங்கமும் சேர்ந்து "ஸ்பையர்" என்ற திட்டத்தைக் கொண்டுவந்தன. இணைப்பு, மின்சாரம், உடல்நலம், உயிர் மற்றும் உடைமைப் பாதுகாப்பு, சைபர் பாதுகாப்பு, நீடித்த தன்மை என்று அதில் ஆறு பிரிவுகள்.

இவையெல்லாம் விருப்பம் இருந்தால் வாங்கிக்கொள்ளும் சான்றுகள். சட்டத்தின் பக்கத்திலிருந்து வருவது ஐரோப்பிய ஒன்றியத்தின் "ஸ்மார்ட் தயார்நிலைக் குறியீடு". 2018-இல் திருத்தப்பட்ட கட்டட ஆற்றல் சட்டத்தில் இதற்கு விதை போட்டு, 2020-இல் விதிமுறைகளை வெளியிட்டார்கள். 2024-இல் அதே சட்டத்தைப் புதுப்பித்தபோது ஒரு கெடுவும் வைத்தார்கள். சூடாக்கும், குளிரூட்டும் சாதனங்களின் திறன் 290 கிலோவாட்டுக்கு மேல் இருக்கும் குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கு இதைக் கட்டாயமாக்கும் விதியை 30 ஜூன் 2027-க்குள் ஐரோப்பிய ஆணையம் கொண்டுவர வேண்டும். ஆக இது வெறும் அலங்காரப் பதக்கம் இல்லை. பெரிய அலுவலகங்கள் எல்லாவற்றையும் தொடப்போகும் விஷயம்.

இந்தக் குறியீடு எப்படி மார்க் போடுகிறது? சூடாக்கல், குளிரூட்டல், வெந்நீர், காற்றோட்டம், விளக்கு, வெளிப்புறத் திரைகள், மின்சாரம், மின்வாகன சார்ஜிங், கண்காணிப்பு என்று ஒன்பது துறைகள். ஒவ்வொன்றிலும் கட்டடத்தில் என்ன வசதி பொருத்தியிருக்கிறது என்று பார்ப்பார்கள். கையால் சுவிட்ச் போட்டால் பூஜ்யம். தானே ஆள் நடமாட்டம் பார்த்து எரிந்தால் அதைவிட மேலே. வெளிச்சத்துக்கேற்பத் தானே மங்கிக்கொண்டால் இன்னும் மேலே. இதையெல்லாம் ஆற்றல் சேமிப்பு, வசதி, உடல்நலம், பராமரிப்பு போன்ற ஏழு அளவுகோல்களில் எடை போட்டுக் கூட்டி, கடைசியில் ஒரு சதவீதமும் ஏழு வகுப்புகளில் ஒன்றும் கொடுப்பார்கள்.

நல்ல முறைதான். கவனித்துப் பார்த்தால் பெயரிலேயே விடை இருக்கிறது. "தயார்நிலை". அதாவது இந்தக் கட்டடத்தால் புத்திசாலியாக நடந்துகொள்ள முடியுமா என்பதுதான் கேள்வி. நடந்துகொள்கிறதா என்பது இல்லை. சென்சார் மாட்டியிருந்தால் மார்க் உண்டு. அந்த சென்சார் போன மாதமே செத்துப்போய், காவலாளி பழையபடி கையால் ஏ.சி.யைப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தாலும் மார்க் ஷீட்டுக்குத் தெரியாது.

இது வெறும் குதர்க்கம் இல்லை. பசுமைச் சான்றுகளில் ஏற்கனவே பட்ட அனுபவம். அமெரிக்காவில் நியூ பில்டிங்ஸ் இன்ஸ்டிடியூட் 2008-இல் 121 லீட் கட்டடங்களின் உண்மையான மின் செலவை எடுத்துப் பார்த்தது. சராசரி நன்றாகவே இருந்தது. நாட்டின் வழக்கமான கட்டடங்களைவிட 25 முதல் 30 சதவீதம் குறைவு. ஆனால் தனித்தனியே பார்த்தபோது பாதிக்கு மேற்பட்ட கட்டடங்கள் வரைபட நிலையில் கணித்த அளவிலிருந்து 25 சதவீதத்துக்கும் அதிகமாக விலகியிருந்தன. சில நல்ல பக்கம், சில கெட்ட பக்கம். வகுப்பு சராசரி நன்றாக இருந்தால் கடைசி பெஞ்ச் பாஸ் என்று அர்த்தம் ஆகாதே.

அடுத்தது பாதுகாப்பு. 2013-இல் இரண்டு ஆய்வாளர்கள் சிட்னியில் கூகுள் அலுவலகம் இருந்த கட்டடத்தின் நிர்வாக அமைப்புக்குள் இணையம் வழியாகவே நுழைந்து காட்டினார்கள். தளத்தின் வரைபடம், குழாய் போகும் வழி எல்லாம் திரையில். ஓட்டையை அடைக்கும் மென்பொருள் திருத்தம் ஏற்கனவே வெளிவந்திருந்தது. அந்தக் கட்டடத்தில் யாரும் அதைப் போடவில்லை, அவ்வளவுதான்! அதே ஆண்டு இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி அட்டை எண்கள் திருடு போயின. திருடர்கள் முதலில் உள்ளே வந்தது ஏ.சி., குளிர்பதன வேலை பார்த்த ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல்லை வைத்து. ஏ.சி. கருவியை யாரும் ஹேக் செய்யவில்லை. ஆனால் கட்டடத்துக்கு வேலை செய்ய வந்தவருக்குக் கொடுத்த சாவி எங்கெங்கோ திறந்தது.

இந்த விஷயத்தில் ஐரோப்பியக் குறியீடு என்ன சொல்கிறது? சைபர் பாதுகாப்பு, தகவல் பாதுகாப்பு பற்றிய விவரங்களை "முடிந்தால்" சான்றிதழில் குறிப்பிடலாம் என்கிறது. மொத்த மதிப்பெண்ணில் அது சேராது. கதவே இல்லாத வீட்டுக்கு நல்ல வெளிச்சம், நல்ல காற்று என்று முதல் வகுப்பு கொடுத்துவிட்டு, ஓரத்தில் "கதவு பற்றி விசாரித்துக்கொள்ளவும்" என்று பென்சிலில் எழுதுவது போல இருக்கிறது இது. ஸ்பையர் போன்றவை பாதுகாப்பைத் தனிப் பிரிவாகவே வைத்திருப்பது இந்த வகையில் எவ்வளவோ மேல்.

மூன்றாவது, ஆயுள். கட்டடம் 50 வருடம் நிற்கும். மென்பொருளின் ஆயுள் என்ன? 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஏ.டி.&டி. தன் 3ஜி சேவையை நிறுத்தியது. அதை நம்பி வேலை செய்த அலாரம் கருவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. 2023 ஆகஸ்டில் கூகுள் தன் "ஐஓடி கோர்" சேவையை மூடியது. அதில் தொங்கிக்கொண்டிருந்த சென்சார்களுக்கு வேறு வீடு பார்க்க வேண்டி வந்தது. சுவரும் தூணும் அப்படியே இருக்க, நரம்பு மட்டும் பாதி வயதில் அறுந்துபோகிறது. அக்டோபர் 4, 2021 அன்று ஃபேஸ்புக்கின் நெட்வொர்க் மொத்தமாகப் படுத்தபோது ஊழியர்களின் அடையாள அட்டைகூட வேலை செய்யாமல் சொந்த அலுவலகக் கதவுகளே திறக்கவில்லை என்று செய்திகள் வந்தன. கோளாறைச் சரிசெய்ய வேண்டியவர்களே வெளியில்! சாதாரணப் பூட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

நான்காவதுதான் முக்கியமானது. உள்ளே உட்கார்ந்து வேலை செய்யும் மனிதர். 2016 ஜனவரியில் லண்டனின் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை அலுவலகத்தில் ஊழியர்கள் ஒரு நாள் காலையில் வந்தபோது மேஜைக்கு அடியில் சின்னப் பெட்டிகள் ஒட்டியிருந்தன. ஆள் நாற்காலியில் இருக்கிறாரா என்று வெப்பத்தையும் அசைவையும் வைத்துக் கண்டுபிடிக்கும் சென்சார்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்கத்தான் என்றது நிர்வாகம். ஊழியர்களும் சங்கமும் கொதிக்க, பெட்டிகள் அன்றே கழற்றப்பட்டன. இங்கே கவனிக்க வேண்டியது, "ஆள் இருக்கிறாரா" என்று பார்த்து விளக்கை அணைக்கும் சென்சாருக்கும் "இவர் எத்தனை மணி நேரம் சீட்டில் இல்லை" என்று கணக்கெடுக்கும் சென்சாருக்கும் கருவியில் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசமெல்லாம் அந்தத் தகவல் யாரிடம் போகிறது, எத்தனை நாள் இருக்கிறது என்பதில்தான். சென்சார்களை எண்ணி மார்க் போடும் முறைக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

சரி, பிராக்டிகல் பரீட்சை வைக்க முடியுமா? முடியும். ஆஸ்திரேலியா கால் நூற்றாண்டாக வைத்துக்கொண்டிருக்கிறது. 1998-இல் நியூ சவுத் வேல்ஸில் தொடங்கிய திட்டம்தான் இன்று "நேபர்ஸ்". அலுவலகம் 12 மாதம் உண்மையில் எரித்த மின்சாரத்தை மீட்டரில் பார்த்து 6 வரை நட்சத்திரம் கொடுப்பார்கள். அந்த நட்சத்திரம் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அடுத்த வருடம் மறுபடி பரீட்சை. 2010-லிருந்து பெரிய அலுவலக இடங்களை விற்கவோ வாடகைக்கு விடவோ விளம்பரம் கொடுத்தால் அந்த நட்சத்திரத்தையும் போட்டாக வேண்டும். முதலில் 2,000 சதுர மீட்டருக்கு மேல் என்று இருந்ததை 2017-இல் 1,000 ஆகக் குறைத்தார்கள். இந்தியாவிலும் ஆற்றல் திறன் பணியகம் 2009-இல் தொடங்கிய அலுவலகக் கட்டட நட்சத்திரத் திட்டம் ஒரு சதுர மீட்டருக்கு வருடத்துக்கு எத்தனை யூனிட் என்ற நிஜக் கணக்கைத்தான் பார்க்கிறது. ஆக இது யாருக்கும் தெரியாத வித்தை இல்லை.

எதிர்வாதமும் உண்டு. புதிதாகக் கட்டிய கட்டடத்துக்கு 12 மாதக் கணக்கு எங்கே போவது? வாடகைக்கு ஆள் பிடிக்க வேண்டிய நேரத்தில் சான்று வேண்டுமே? நியாயமான கேள்வி. மின்சாரத்துக்கு மீட்டர் இருக்கிறது, புத்திசாலித்தனத்துக்கு மீட்டர் ஏது என்பதும் நியாயம்தான். ஆனால் முதல் கேள்விக்குக் கல்லூரியிலேயே பதில் இருக்கிறது. தியரி முதலில், பிராக்டிகல் பிறகு. திறக்கும்போது தயார்நிலைச் சான்று கொடுக்கட்டும், அதன்மேல் "தற்காலிகம்" என்று அச்சடிக்கட்டும். ஒரு வருடம் கழித்து வந்து பார்க்கட்டும்.

இரண்டாவதற்கும் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மாட்டிய சென்சார்களில் இன்று எத்தனை உயிரோடு இருக்கின்றன? வெளிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை எத்தனை நாளில் போட்டார்கள்? இணையத்தைத் துண்டித்தால் கதவும் விளக்கும் காற்றும் வேலை செய்கின்றனவா? சப்ளை செய்த நிறுவனம் கடையை மூடினால் வேறொருவர் வந்து பராமரிக்க முடியுமா? (கட்டடக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள "பேக்நெட்" என்ற பொது மொழி 1995 முதலே இருக்கிறது. அதைப் பயன்படுத்தினார்களா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.) ஊழியர் பற்றிய தகவல் யாருக்குப் போகிறது என்று ஊழியருக்கே எழுத்தில் சொன்னார்களா? ஐந்தையும் ஒரு நாளில் நேரில் வந்து சோதித்துவிடலாம்.

அப்படிச் சோதித்தால் பளபளக்கும் பல பிளாட்டினங்கள் மங்கிப் போகலாம். கட்டுபவருக்கும் சான்று விற்பவருக்கும் அது கசக்கத்தான் செய்யும். ஆனால் சான்று அவர்கள் இருவருக்காக மட்டும் இல்லை. தினம் ஒன்பது மணி நேரம் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரப்போகிறவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு வேண்டியது வரவேற்பறைச் சுவரில் மாட்டிய பதக்கம் இல்லை. மூச்சு விட நல்ல காற்று, தீப்பிடித்தால் அடிக்கிற மணி, அவசரத்துக்குத் திறக்கிற கதவு.

தியரியில் 95 வாங்கியவரையும் லேப் அட்டெண்டர் கேட்பது ஒன்றுதான்: "சர்க்யூட்டை ஆன் பண்ணு, பார்ப்போம்."