கை பழகிய பொத்தான்

பழகிய வீட்டில் விளக்கின் பொத்தானை இருட்டிலும் கை தானே கண்டுகொள்ளும். கணிப்பொறியும் அத்தகையதே. 1995-இல் விண்டோஸ் திரையின் இடக் கீழ்மூலையில் தோன்றிய ‘ஸ்டார்ட்’ பொத்தானுக்குப் பதினேழு ஆண்டுகள் நம் கை பழகிற்று. 2012-இல் வந்த விண்டோஸ் 8 அதனை அகற்றிவிட்டது. பயன்படுத்துவோர் உலகெங்கும் முறையிட்டனர். மறு ஆண்டே பொத்தான் திரும்பிற்று. பழைய பட்டியலோ 2015-இல் விண்டோஸ் 10-உடன்தான் மீண்டது.

நம் இல்லங்களிலும் இது நிகழ்கின்றது. மைசூரிலிருந்து ஊர் உறவினரோடு பேச ஒரே பொத்தானை அரும்பாடுபட்டுக் கற்ற பாட்டியார், கைப்பேசி புதுப்பிக்கப்பட்ட மறுநாள் அதனைக் காணாது திகைக்கின்றார். அன்பர்களே, அவரைக் கண்டு நகையாதீர்கள். இடம் மாற்றியவர் வேறொருவராக, பழி அவர்மீது ஏன்? அருகமர்ந்து மீண்டும் காட்டுங்கள். செயலியை ஆக்கியோருக்கும் குறையை எழுதுங்கள். முறையிட்டமையாலன்றோ போன பொத்தான் திரும்பியது!